மிரட்டுற எண்ணும் ஒரு 641ம்

ஏலே தம்பி, இதுவரை தெரிஞ்சதுலயே பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிச்சாச்சுன்னு ஒரே குதியாக் குதிக்கியே! 2024 அக்டோபர்ல சொன்னாவ, நானும் கேட்டேன். நாலு கோடியே பத்து லட்சத்துச் சொச்சம் இலக்கம். சரி, வாசிச்சியா? நொடிக்கு ஒரு இலக்கம்னு சோறு தூக்கம் இல்லாம வாசிச்சாலும் ஒண்ணேகால் வருசம் பத்தாது. அதுக்குள்ள உனக்குப் பொண்ணு பாத்துக் கல்யாணத்தையே முடிச்சுருவோம்.

நீளம் கெடக்கட்டும்டே. வெறும் பத்து இலக்கத்துல ஒரு எண்ணு பெரிய மனுசனையே ஏமாத்துன கதை தெரியுமா?

பிரான்சு தேசத்துல துலூஸ்னு ஊரு. அங்க கோர்ட்டு உத்தியோகம் பாத்தவரு ஃபெர்மா. கணக்கு அவருக்கு ஒழிஞ்ச நேரத்துச் சோலி. 2ஐ எடுத்து 1, 2, 4, 8, 16னு அடுக்கு ஏத்துனாரு. ஒவ்வொண்ணோடயும் 1ஐக் கூட்டுனாரு. 3, 5, 17, 257, 65,537. அஞ்சும் பகா எண். அம்புட்டுதான், இந்த வழியில வாரது பூராவும் பகா எண்ணேதான்னு 1640 வாக்குல கடுதாசி போட்டுட்டாரு. நிரூபணம் எங்கய்யா? அது மட்டும் கைவசம் இல்ல. கோர்ட்டுல இருந்தவருக்கு சாட்சி இல்லாமத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுன்னு தெரியாமலா இருக்கும்?

ஆறாவது எண்ணு 429,49,67,297. பாக்க எம்புட்டு யோக்கியமா இருக்கு! கடைசியில 7. அப்ப 2ம் போகாது, 5ம் போகாது. இலக்கத்தையெல்லாம் கூட்டிப்பாரு, 59. 3ம் போகாது.

தொண்ணூறு வருசம் போச்சு. 1732ல ரஷ்யாவுல, பீட்டர்ஸ்பர்க்ல ஆய்லர்னு ஒரு இளவட்டம். வயசு 25. உன் சோட்டுதான். இந்த எண்ணை வகுக்குற பகா எண்ணைத் தேடணும்னா, வர்க்கமூலம் வரைக்கும் 6,542 பேரு வரிசையில நிக்கான். எல்லாத்தையும் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா? ஆடு காணலன்னா ஊரு பூராவா தேடுவ, அது மேயுற பக்கம் போவியா? இதை வகுக்குறவன் எவனா இருந்தாலும், அவனை 64ஆல வகுத்தா மீதி 1 வந்தாகணும். அந்தச் சூட்சுமத்துக்குப் பின்னால ஆய்லரே நிரூபணமும் குடுத்துட்டாரு. இப்ப எத்தனை பேரு மிச்சம்? 193 போகாது. 257 போகாது. 449, 577, ரெண்டும் போகாது. அஞ்சாவது ஆளு 641. சுளையாப் போகுது, ஈவு 67,00,417. நம்பலன்னா பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பாரு.

அப்பாலயாவது அந்த வரிசை தேறுச்சா? முப்பத்து மூணாவது எண்ணு வரைக்கும் பாத்துட்டாவ, பழைய அஞ்சைத் தவிர ஒண்ணுகூடப் பகா எண் இல்ல. இதுல இருபத்தஞ்சாவது இருக்கே, அது ஒரு கூத்து. அம்பது லட்சத்துக்கு மேல இலக்கம். பகா எண் இல்லன்னு கம்ப்யூட்டர் அடிச்சுச் சொல்லிருச்சு. எது வகுக்குதுன்னு கேட்டா ஒருத்தன் வாயத் தெறக்கல.

பொழுது போகலன்னா நீ அதுல கை வையி. கடைசி இலக்கம் 7ங்குறதை நானே சொல்லிருதேன். மிச்சம் உன் பாடு.