பழம்படகு இலக்கணம்

பெருங்கடல் கடக்கும் சிறு பாய்ப்படகு, புதியது, பழையது என இருவகைப்படும். புதியது பணம் உள்ளவர்க்கு உரியது. அவர்க்கு இலக்கணம் வேண்டா, விற்பனைப் பிரதிநிதி போதும். பழையது, பணம் இல்லாமல் ஆசை மட்டும் உள்ளவர்க்கு உரியது. இந்நூல் அவர்பொருட்டு எழுந்தது.

எவ்வளவு பழையது பழையது எனின், ஐயம் தீர்த்துவைத்தது கோல்டன் குளோப் பந்தயம். தனியாளாக, எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றும் அப்பந்தயம் 2018இல் மறுபடி நடந்தபோது, 1988க்கு முன் வரையப்பட்ட படகாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நீளம் 32 முதல் 36 அடிக்குள். ஏரா எனப்படும் அடிக்கட்டை நெடுக ஓடி, அதன் பின்விளிம்பிலேயே சுக்கான் பொருந்தியிருக்க வேண்டும். முதுமையே தகுதியாக எண்ணப்படும் துறை அரசியலுக்கு அடுத்து இது ஒன்றே.

பழம்படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் கிளாஸ் என்னும் கண்ணாடியிழையால் ஆனவை. 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு பியர்சன் டிரைட்டன் என்ற 28 அடிப் படகு வந்தது. வரைந்தவர் சுவீடனில் பிறந்த கார்ல் ஆல்பெர்க். சரக்கு அப்போது புதிது. எத்தனை கனம் போதும் என்று யாருக்கும் நிச்சயமில்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாகப் பூசினார்கள் என்ப. அறியாமையால் உலகம் அடைந்த நன்மைகளில் இதுவும் ஒன்று.

இத்துறையில் இரண்டு மதங்கள் உண்டு. கனமான படகே கடலுக்கு ஆகும் என்பார் கனவாதியர். இவர்களுடைய மூலமூர்த்தி வெஸ்ட்செயில் 32. ஏறத்தாழ 20,000 பவுண்டு. விரையாது, விரைய வேண்டும் என்று அதனிடம் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. 1991 அக்டோபரில் அட்லாண்டிக்கில் எழுந்த பெரும்புயலில் சடோரி என்ற வெஸ்ட்செயில் மாட்டிக்கொண்டது. அதிலிருந்த மூவரையும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர் மீட்டார்கள். ஆளில்லாத படகு தன்பாட்டுக்கு மிதந்து மேரிலாந்து மணற்கரையில் போய் ஒதுங்கியது. பிறகு அதை இழுத்துக் கடலில் விட, மறுபடியும் பயணம் போனது. மனிதர் இறங்கிய பிறகு அதன் நிலை சீரடைந்ததாகக் கனவாதியருள் சிலர் கருதுவர். அது மிகை.

இலேசான படகே தப்பும் என்பார் இலகுவாதியர். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் கழித்து.

இனிக் கணிதம். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைப் புயல் தாக்கியது. 303 படகுகளில் 86தான் பந்தயத்தை முடித்தன. பந்தயப் படகுகளில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். அதை அடுத்து நடந்த ஆய்வுகளின் வழியே, கவிழும் தன்மையைச் சொல்லும் சூத்திரம் ஒன்று பிறந்தது. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்துக் கனமூலம் காண்க. அடிக்கணக்கில் உள்ள அகலத்தை அதனால் வகுக்க. விடை 2க்குக் கீழே நின்றால் கடலுக்கு ஆகும், மேலே போனால் ஆகாது. அதே ஆல்பெர்க் வரைந்த ஆல்பெர்க் 30 என்னும் படகுக்கு அகலம் எட்டே முக்கால் அடி, எடை 9,000 பவுண்டு, விடை 1.68. உத்தமம்.

இச்சூத்திரத்தின் அழகு, எடை படகில் எங்கே இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை என்பது. அடியில் கிடக்கும் 3,300 பவுண்டு பாரத்தைக் கழற்றிப் பாய்மர உச்சியில் கட்டினாலும் விடை 1.68தான்.

இன்னொரு சூத்திரம், படகு அலையில் எவ்வளவு குலுக்காமல் போகும் என்பதைக் கூறுவது. வகுத்தவர் படகு வரைவாளர் டெட் புரூவர். இதைப் பாதி வேடிக்கையாகத்தான் உருவாக்கினேன் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இன்றும் படகு வாங்குவோர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு படகுக்கு 31.7 என்றும் மற்றதற்கு 30.9 என்றும் தசம சுத்தமாகக் கணக்கிட்டு, முன்னதே வயிற்றுக்கு நல்லது என்று தெளிகின்றனர்.

இலகுவாதியரின் சான்று இங்கே வருகிறது. மூர் 24 என்ற படகு, பெயருக்கேற்ப 24 அடி. 2,000 பவுண்டைச் சற்றே தாண்டும். முதற்சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் 2.26. ஆகாது. வெப் சைல்ஸ் என்பவர் அதில் 2014இல் கிளம்பி 2019இல் உலகைச் சுற்றி முடித்தார். அப்போது வயது 77. அவருக்கு அது ஆறாவது சுற்று. இதற்குக் கனவாதியர் கூறும் விடை, அவர் கணக்கில் சேரமாட்டார் என்பது.

சூத்திரத்தில் அடங்காதவை சுத்தியலில் அடங்கும். பழம்படகின் மேல்தளம் பெரும்பாலும் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளும் நடுவே பால்சா மரமுமாக இருக்கும். கைப்பிடிக் கம்பிக்கும் கொளுவிக்கும் போட்ட ஆணித்துளை வழியே முப்பது வருட மழை உள்ளே இறங்கி, பால்சாவைச் சேறாக்கியிருக்கும். எனவே படகைச் சோதிக்கும் சர்வேயர் சிறு சுத்தியலுடன் முழந்தாளிட்டு, சந்தையில் தேங்காய் பொறுக்குபவர்போல் அங்குலம் அங்குலமாகத் தட்டி வருவார். கணீரென்றால் மரம், பொத்தென்றால் பேரம். விற்பவர் அந்நேரம் பார்த்து ஊர்க்கதை பேசத் தொடங்குவது மரபு.

இதனினும் நுட்பமானது, பாய்மரத்தை இருபுறமும் இழுத்துக்கட்டும் கம்பிகள் வந்து முடியும் எஃகுப் பட்டை. அது தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மேலே பார்த்தால் பளபளக்கும். கீழே பார்த்தால் முகம் தெரியும். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமலிருக்கக் காற்றுப் படவேண்டும். தளத்தின் கனத்துக்குள், எவர் கண்ணும் எட்டாத அந்த இடத்தில் ஈரம் மட்டுமே படும். அங்கேதான் விரிசல் விடும். பட்டையைக் கழற்றாமல் இதை அறிய இயலாது. கழற்றினால் வாங்கியாக வேண்டும். இதற்குப் பரிகாரம் நூலோர் எவரும் கூறவில்லை. வெளிக்கசிவை முன்னாள் உரிமையாளர்கள், ஒருவர் பூசியதன்மேல் ஒருவராக, சிலிகான் பூசி மறைத்திருப்பார்கள். அடுக்குகளை எண்ணிப் படகு எத்தனை கை மாறியது என்று அறியலாம்.

இனிச் சான்றோர் வழக்கு. தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். மாசசூசெட்ஸில் ஃபேர்ஹேவன் என்ற ஊரில், கப்பல் ஒன்று தருகிறேன், கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டும் என்றார் ஒரு பழைய கேப்டன். போய்ப் பார்த்தால், வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த கிழட்டுச் சிப்பிப்படகு. கேப்டன் கேலி செய்திருக்கிறார். ஸ்லோக்கம் 13 மாதம் உட்கார்ந்து பலகை பலகையாக மாற்றினார்; செலவு 553 டாலர் 62 சென்ட். 1895இல் கிளம்பி 1898இல் திரும்பினார், 46,000 மைல். ஒருமுறை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, சுக்கானைத் தொட்ட நேரம் மூன்று மணிக்குமேல் இல்லை.

அடுத்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். பம்பாயில் தேக்கில் கட்டிய சுஹைலி அவருடையது. கேட்டு எழுதிய வரைபடம் ஒன்று. தபாலில் வந்தது வேறொன்று, 1920களின் வரைபடம். திருப்பி அனுப்ப நேரமில்லாமல் வந்ததையே வைத்துக் கட்டினார்கள். 1968இல் நடந்த முதல் கோல்டன் குளோப் பந்தயத்துக்குப் புதிதாக எஃகுப் படகு வேண்டும் என்று நினைத்தார். பணம் தர ஆளில்லை. இருந்ததில் ஏறிப் போனார். ஒன்பது பேர் கிளம்பியதில், 312 நாள் கழித்து ஊர் வந்து பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

இவ்விரு படகுகளும் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. தலையில் வந்து விழுந்தவை. ஆதலின் படகுத் தேர்வு என்னும் இயலுக்கு மேற்கோள் கிடைப்பது அரிது. எனினும் அவ்வியலை நீக்கினால் நூலில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதால் வைத்துக்கொண்டோம்.

புறனடை. எஞ்சின் இந்நூலுக்குப் புறம்பு. ஆல்பெர்க் 30 போன்ற படகுகளில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் எஞ்சின் இருக்கும். ஆவி படகின் வயிற்றில் தேங்கும் இயல்பினது என்பதால், சாவியைத் திருப்புமுன் விசிறியை ஓடவிடுதல் மரபு. போன வாரம்கூட ஒரே திருகில் கிளம்பியதே என்று விற்பவர் கூறுவதை இறந்தகால வினையாகவே கொள்க.