வேப்பமரத்தடி வட்டம்

பத்தாம் வகுப்புக்கு நான் கணக்கு வாத்தியார் என்று ஊரில் நம்பிக்கை. உண்மையில் எமிஸ் செயலிக்குத்தான் வேலை பார்க்கிறேன். சிக்னல் வேப்பமரத்தடியில் மட்டும் கிடைக்கும். வருகைப்பதிவுக்காகத் தினமும் அங்கே போய், போனை வானத்துக்குக் காட்டி நிற்பேன். திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பாடமும் வட்டம்தான் என்பதால் பிள்ளைகளை அங்கேயே வரவழைத்து, தொடுகோட்டை நடத்தி முடித்தேன். அப்போதும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இது போக வாக்காளர் பட்டியல், இலவசச் செருப்புக்குக் கால் அளவு. எந்தப் பையன் எட்டாம் நம்பர் என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். அவனுக்கு எட்டாம் வாய்ப்பாடு வருமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பலன் இல்லாமலா? போன வாரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கும்பிட்டார். "சார், அரையாண்டுல என் 33-ஐ 35 ஆக்கி விட்டீங்களே, ஞாபகமிருக்கா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். டிக்கெட்டோடு சில்லறையை உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். இறங்கி எண்ணினேன். 2 ரூபாய் அதிகம்.