மாத்த வந்த மாப்ள

வாங்க மாப்ள. கந்தன்சாவடி கம்பெனியில உங்களை ‘சேஞ்ச் லீடர்’ ஆக்கிட்டாங்களாமே, பேத்தி சொன்னா. பாலவாக்கம் குப்பத்துக்கே பெருமை. ஆபீஸ் பூரா நீலக்கலர் டீ-சர்ட்டு அடிச்சுக் குடுத்தாச்சாம். பாதி வேலை முடிஞ்சுது. மீதி, சாயங்காலம் அவங்க அதைக் கழட்டாம பாத்துக்கறதுதான்.

நாங்களும் மாறினவங்கதான். கட்டுமரம் ஓடின கரை இது. 2004 டிசம்பர் 26-ல கடல் ஏறி வந்து வாரிக்கிட்டுப் போச்சா, அப்புறம் கடலோரம் பூரா ஃபைபர் போட்டும் இன்ஜினும் குடுத்தாங்க. மாலை போட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்க. வெவகாரம் அதுக்கப்புறம்தான். கட்டுமரம் டீசல் கேக்காது. இன்ஜின் தெனம் குடிக்குது. காசு யார் மடியிலேருந்து? போட்டுக்காரனா, கூட வர்றவனா? மொதல்ல டீசல், ஐஸ் செலவைக் கழி, மிச்சத்துல போட்டுக்கும் வலைக்கும் இவ்ளோ, ஆளுங்களுக்கு இவ்ளோன்னு பங்கு பேசி முடிச்ச போட்டு கடலுக்குப் போச்சு. பேசாதது மணல்ல கெடந்துச்சு, காக்காய்க்கு நல்ல எடம்.

உங்க புது சாஃப்ட்வேர் வந்தா அஞ்சு பேர் வேலையை ரெண்டு பேர் பாத்துடலாமாம். அந்த மூணு பேர் யாருன்னு மட்டும் வாயைத் தொறந்துடாதீங்க. சஸ்பென்ஸ் இருந்தாத்தானே மீட்டிங்குக்குக் கூட்டம் வரும்? எல்லாரும் தலையாட்டுவாங்க. அதை அப்படியே ரிப்போர்ட்டுல பச்சைக்கலர்ல போட்டு மேல அனுப்புங்க. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி.

பாடியில சுந்தரம்-கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல டெமிங் பரிசு வாங்குச்சு. தரத்துக்காக ஜப்பான்காரன் குடுக்கறது, அதுக்கு முன்னாடி இந்தியாவுல எந்தக் கம்பெனியும் வாங்கினதில்ல. மிஷின்கிட்ட நிக்கறவனையே கூப்ட்டு, எதை மாத்தலாம்னு கேட்டாங்களாம். அந்தத் தப்பை நீங்க பண்ணாதீங்க. கேட்டா சொல்லிப்புடுவான். சொன்னா செய்யணும். அப்புறம் கோட்டு போட்டு வர்ற கன்சல்டன்ட்டு பொழப்பு என்னாவறது, பாவம்?

நல்லா சாப்புடுங்க, சங்கரா மீனு, காலையில வந்தது. ஒரே ஒரு சந்தேகம் மாப்ள. மாத்தற வேலை முடிஞ்சப்புறம் மாத்தினவருக்கு அங்க என்ன வேலை? உங்க பங்கைப் பேசிட்டீங்களா?

பேசலையா? சரி, இன்னொரு துண்டு போட்டுக்குங்க.