எஸ்டேட் மகிமை

எஸ்டேட் என்ற ஆங்கிலச் சொல்லைப்போல் சமத்துவம் பேணும் சொல் வேறில்லை. இங்கிலாந்தில் அது பிரபுவின் மாளிகையோடு கூடிய நிலத்தைக் குறிக்கும். ஏழைக்கு அரசு கட்டிய வாடகைக் குடியிருப்பையும் குறிக்கும். மலேசியாவில் ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் வரை அது பால்மரக் காட்டையும் லயத்து வீட்டையும் குறித்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வந்தது. சொல் மட்டும் பெருந்தன்மையோடு தங்கி, முன்னால் 'ரியல்' என்று சேர்த்துக்கொண்டது. தலைமுறைகளாகப் பால் வெட்டியவர்கள் வாழ்ந்தது அசல் எஸ்டேட் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

'ரியல்' என்றால் இங்கே உண்மை அல்ல, அசையாச் சொத்து என்று வழக்கறிஞர்கள் திருத்துவார்கள். முழுக்கச் சரி. நிலம் அசையாது, அசைய வேண்டியவர் தொழிலாளி. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்ற விதி அதற்குத்தானே! பிறந்து வளர்ந்த மண்ணில் பங்கில்லையா என்று கேட்பவர்கள் அகராதியைப் புரட்டட்டும். இறந்தவர் விட்டுச்செல்லும் உடைமைக்கும் எஸ்டேட் என்றே பெயர். பால்கத்தி, வாளி, கொஞ்சம் சேமிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆகவே தோட்டத் தொழிலாளிக்கு எஸ்டேட் இல்லை என்று இனி யாரும் குறைசொல்லக் கூடாது. செத்தால் போதும், கிடைத்துவிடும்.