மதர்போர்ட்டில் ஓர் ஓமந்தை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10 செத்தது. வயது பத்து. நோய் நொடி ஒன்றும் இல்லை. மைக்ரோசொஃப்ட் நாள் குறித்தது, அவ்வளவுதான். 2015இல் அதை வெளியிட்ட காலத்தில், இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்தக் கொம்பனிக்காரர் ஒருவரே மேடையில் சொன்னார். வன்னியில் அதை நம்பியவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். இதுதான் கடைசி இடப்பெயர்வு என்று எத்தனை தரம் கேட்ட சனம்!

இனி விண்டோஸ் 11. உள்ளே போக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புரொசெசருக்குக் குறையக்கூடாது. 2016இல் முழு விலை கொடுத்து வாங்கிய கொம்பியூட்டர் இன்றும் கடிதம் அடிக்கிறது, கணக்குப் பார்க்கிறது, பிள்ளைக்குப் பாடம் காட்டுகிறது. ஆனால் தகுதி இல்லையாம். அதைத் திரையில் மிக மரியாதையாகச் சொல்கிறார்கள். மரியாதையில் குறையே இல்லை.

சட்டம் எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிடாதீர்கள். மைக்ரோசொஃப்ட் 3,499 டொலருக்குக் கொண்டுவந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற சொந்தத் தயாரிப்புக்குள் இருந்ததும் ஏழாம் தலைமுறைதான். 2021 ஓகஸ்டில் விலக்குப் பட்டியல் வந்தது. அதில் அந்தப் புரொசெசருக்கும் இடம் கிடைத்தது. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இடம் இல்லை?

இந்த மாற்றத்தால் 24 கோடி கொம்பியூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023இலேயே கணக்குச் சொன்னது. இதே மைக்ரோசொஃப்ட், 2030க்குள் கழிவே இல்லாத நிறுவனமாவோம் என்று 2020இல் சத்தியம் செய்தது. தன் வளவுக்குள் கிடக்கும் குப்பையைத்தான் சொன்னார்கள் போலும். உங்கள் வீட்டு மேசையில் கிடப்பது உங்கள் குப்பை.

யாரிடம் வந்து பழசு என்கிறார்கள்? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூட வன்னிக்குள் வரக்கூடாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர். அந்த மெக்கானிக்குகளிடம் கேளுங்கள், ஒரு பொருள் எப்போது பழசாகிறது என்று. ரெட்மண்டில் இருக்கும் மைக்ரோசொஃப்ட்காரரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய லப்டொப்புகள் இனி கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் இன்னும் கூடுதலாக வரும். பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மங்கள விளக்கு, பொன்னாடை, ஐந்து பேச்சு, ஐம்பது படம். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன மெஷின் என்று அந்த ஐந்து பேச்சிலும் ஒருவரும் சொல்லமாட்டார்.

பாதுகாப்பு. இந்தச் சொல்லைக் கேட்டதும் வன்னிச் சனத்தின் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் அடைத்ததும் பாதுகாப்புக்காகத்தான். அதற்கு நலன்புரி நிலையம் என்று பேர். அதற்குப் பிறகு வீடு வீடாக வந்து குடும்பத்தையே நிறுத்திப் படம் எடுத்ததும் பாதுகாப்புக்காகத்தான். இதற்கெல்லாம் முன்னர், வன்னியை விட்டு வெளியே போக புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுத்து, வீட்டில் ஒருவரைப் பிணை வைத்துப் போனோமே, அதுவும் எங்கள் பாதுகாப்புக்காகத்தான். இவ்வளவு பாதுகாக்கப்பட்ட சனம் உலகத்தில் வேறெங்கும் இராது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கு, பையைத் திற, வரிசையில் நில், ஏறு. கொஞ்சத் தூரம் போய் அடுத்த பக்கத்துக்காரரிடம் அதையே திரும்பச் செய். அதே வருடம் ஜூனில் மைக்ரோசொஃப்ட் பலேடியம் என்ற திட்டத்தை வெளியே விட்டது. கொம்பியூட்டருக்குள் ஒரு சில்லு. எந்த மென்பொருள் நம்பத்தக்கது என்று பார்ப்பதற்கு. கொம்பியூட்டர் யாருடையது, நம்பிக்கை யாருடையது என்று அப்போதே உலகமெல்லாம் கத்தினார்கள். திட்டத்தின் பேரை மாற்றினார்கள், பிறகு கைவிட்டார்கள். சில்லின் பரம்பரை மட்டும் அழியவில்லை. இன்றைக்கு அது இல்லாமல் வாசலே திறக்காது. சில்லைத் திட்டவில்லை. சாவியைப் பூட்டி வைப்பது நல்ல காரியம். சென்ரியில் நின்ற பெடியனும் ஆள் நல்லவனாகத்தான் இருந்திருப்பான். கட்டளை எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

சில்லோடு முடியவில்லை. வீட்டுப் பதிப்பு விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட இணையமும் மைக்ரோசொஃப்ட் கணக்கும் கேட்கிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் சொந்தக் கொம்பியூட்டரைத் திறக்க அமெரிக்காவிடம் பதிய வேண்டும். இதைத் தவிர்க்கக் குறுக்குவழிகள் இருந்தன. 2025இல் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கணக்கில் நுழைந்த பிறகு டிஸ்க்கைத் தானே பூட்டிக்கொண்டு, சாவியைக் கணக்குக்கே அனுப்பிவிடும் மெஷின்களும் உண்டு. மெஷின் அந்தச் சாவியைக் கேட்கும் நாளில் கணக்குக்குள் போக முடியாவிட்டால் அம்மாவின் அந்தியேட்டிப் படமும் போச்சு.

செத்த விண்டோஸ் 10ஐ மேலும் ஒரு வருடம் சேலைனில் வைத்திருக்கலாம் என்றார்கள். 30 டொலர் கட்டு. காசில்லையா? உன் செட்டிங்ஸை எங்கள் சேமிப்பகத்துக்கு ஏற்று. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை பிடித்தன, அங்கே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வன்னி ஐரோப்பாவில் இல்லை. இருந்திருந்தால் பெடியள் ஏன் கப்பலேறுவார்கள்?

இதெல்லாம் முன்னுரை. விஷயம் ரீகோல். 2024 மே மாதம் அறிவித்தார்கள். சில நொடிக்கொரு தடவை உங்கள் திரையைப் படம் எடுத்து வைக்கும். பிறகு அதற்குள் எதையும் தேடலாம். முதலில் வந்த வடிவத்தில், படங்களிலிருந்து எடுத்த எழுத்தெல்லாம் பூட்டில்லாமல் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் திறந்து காட்டினார்கள். மைக்ரோசொஃப்ட்காரர் ஓடிப்போய்ப் பின்வாங்கினார்கள். 2025இல் மறுபடி வந்தது. விரும்பினால் மட்டும், பூட்டோடு, முகத்தையோ விரலையோ பதிந்து வைத்தால்தான் இயங்கும் என்றார்கள். சிக்னல் என்ற செய்திச் செயலிக்காரர் அதையும் நம்பவில்லை. தங்கள் ஜன்னலைப் படமெடுக்க முடியாதபடி அவர்களே மறைத்துவிட்டார்கள். வேவு பார்க்கும் இந்த வசதி எல்லாருக்கும் கிடைக்காது, கவலை வேண்டாம். 16 ஜிபி மெமரியும் தனிச் சில்லும் உள்ள புது மெஷின் வேண்டும். அறிமுக விலை 999 டொலரிலிருந்து. எங்கள் ரூபாயில் மூன்று லட்சம். மாதம் முப்பதாயிரம் அடிப்படைச் சம்பளக்காரனுக்குப் பத்து மாதச் சம்பளம். முன்பெல்லாம் புலனாய்வு இலவசம்.

படங்கள் கொம்பியூட்டரை விட்டு வெளியே போகாது என்கிறார்கள். சரி. வெளியே ஏன் போகவேண்டும்? இங்கே ஆள் உள்ளே வருவான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து போராடுகிறார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் இந்தப் புது லப்டொப்பை வாங்கி, அந்த வசதியையும் தெரியாமல் இயக்கிவிட்டார் என்று வையுங்கள். பேர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், யாரிடம் கையளித்தது என்று மூன்று மாதத் திரையும் உள்ளே இருக்கிறது. அழித்த கோப்பின் படமும் இருக்கிறது. சிவில் உடையில் வருபவர் பாஸ்வேர்ட் கேட்கத் தேவையில்லை. விரலைப் பிடித்து வைத்தால் போதும். பத்து வருடத்தில் விண்டோஸுக்குச் சப்போர்ட் முடிந்துவிட்டது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு இன்னும் முடியவில்லை.

அரசாங்கம் காப்பாற்றாதா? காப்பாற்றும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. 2025 மார்ச் 18 அன்று அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வந்திருக்கவேண்டும். நாள் வந்தது. சட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைக்க முடியாதது ஒன்று உண்டு: இந்திய மானியத்தில் வரும் டிஜிட்டல் அடையாள அட்டை. விரல், கருவிழி, முகம் மூன்றும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கவனமாக வைத்திருப்பார்கள். 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல்களை வைத்திருந்த கவனம் மறந்துபோச்சா? கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. மே நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரையான அஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினதும் சேர்த்து, போனது போனதுதான். பிரதி எடுத்து வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட்டின் 2013ஆம் ஆண்டு மென்பொருள். அதற்கும் அந்த வருட ஏப்ரலிலேயே சப்போர்ட் முடிந்திருந்தது. ஏழையின் லப்டொப் பழசு என்றால் வாசலில் நிறுத்துகிறார்கள். நாட்டின் தபால்பெட்டி பழசாகிக் கிடந்ததை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் எத்தனையோ வருடமாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் படிப்பிக்கின்றன. பழைய மெஷினிலும் ஓடும், கணக்குத் திறக்கச் சொல்லாது, படம் எடுக்காது. அதில் தரகுப் பணமும் கிடைக்காது என்பதைத் தவிர வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

இனி வரப்போகும் விண்டோஸ் தானே முடிவெடுத்து உங்களுக்காக வேலை செய்யும் ஏவலாள் ஆகப்போகிறது என்று 2025 நவம்பரில் அதன் தலைவர் பவன் தவுலூரி எழுதினார். இதைக் கேட்டவர் யார் என்று உலகம் திட்டியது. தன் பதிவுக்கு மற்றவர்கள் பதில் எழுதும் இடத்தை அவர் மூடிவிட்டார். எங்கள் பக்கத்தில் மூட ஒன்றுமில்லை. வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கு அடுத்த கொம்பியூட்டரை எதைப் பார்த்து வாங்கப்போகிறீர்கள், பிள்ளைகளின் திரை யாருடையது என்று கல்வித் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். சுற்றறிக்கை இன்னும் வரவில்லை என்பார்கள். வந்திருக்கும். 2023இல் தொலைந்த அஞ்சல்களோடு போயிருக்கும்.