ஜீப்புக்கு ஏற்ற ஹாம் ரேடியோ: தூத்துக்குடிக் கரையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

முத்துக்குளிப்பை ஆராய்ந்தவர் உண்டு. உப்பளத்தையும் தோணியையும் ஆராய்ந்தவரும் உண்டு. குதிரைமொழித் தேரி ஓரத்துச் செம்மணலில் நாலு சக்கரமும் இழுக்க ஓடும் ஜீப்பில் எந்த ஹாம் (அமெச்சூர் வானொலி) செட்டைப் பொருத்துவது என்பதை மட்டும் புலவர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை என்க.

இதில் இரு கட்சி. வாட் ஏற ஏறத் தூரம் ஏறும் என்பார் ஒரு சாரார். 50 வாட் செட்டை வாங்கிச் சிகரெட் லைட்டர் துளையில் செருகுவர்; பேசும் பொத்தானை அமுக்கியதும் அது பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்க, ஃபியூஸ் போகும். பேட்டரியிலிருந்து தடித்த வயரை நேரே இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைப்பது மரபு. 5 வாட் கைச்செட்டே போதும் என்பார் மறுசாரார். இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது அலை வெளியேறப் படும் பாட்டை அவர் அறியார்.

இருவரும் உயரத்தை மறந்தனர். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் அலை ஏறக்குறைய நேராகவே போகும், பூமியோ வளையும். ஆன்டெனாவின் உயரம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்க, தொடுவானம் கிலோமீட்டரில் வரும். ஜீப் கூரையில் 2 மீட்டர் என்றால் சுமார் 6. வீட்டு மாடிக் கம்பம் 9 மீட்டர் என்றால் 12. கூட்டினால் 18. வாட்டைப் பத்து மடங்காக்கினாலும் பூமி நிமிராது. சுற்றுப்புறத்தைவிட 25 மீட்டர் உயர்ந்த மேடு கிடைத்தால் ஜீப்புக்கு மட்டுமே 20 கிலோமீட்டர், அதுவும் இலவசமாக. (வனத்துறை எல்லைக்குள் ஏறி இதைச் சோதிக்க வேண்டாம்.)

கால் அலைநீள ஆன்டெனாக் கம்பி அரை மீட்டர்தான். ஆனால் அடியில் இரும்புத் தகடு வேண்டும். பழைய ஜீப்புக்கோ படுதாக் கூரை. அடியில் காந்தம் வைத்த ஆன்டெனாவை வாங்கி வந்து படுதாவில் ஒட்டிப் பார்ப்பவர் முகம் ஆய்வுக்குரியது. பானெட் ஓரத்தில் பிராக்கெட் அடிப்பதே முறை.

அடுத்து உப்புக்காற்று. கேபிள் முனையின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நடு ஊசியில் பச்சைக் களிம்பு, சுற்றுப் பின்னல் கறுத்திருக்கும். செட் கேட்கும், பேச முனைந்தால் சூடாகும். பழி செட்டின்மேல் விழும். குற்றவாளி, ரப்பர் டேப் சுற்றாத அந்த முனை.

'வல்லத்துல போற மச்சான்கிட்ட இதுல பேசலாமா வே?' என்று வினவுவார்க்கு விடை: கூடாது. 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள 16ஆம் சேனல் கடலோடிகளுக்குரியது; ஹாம் உரிமம் அங்கே செல்லாது.

இதெல்லாம் வெட்டி ஆராய்ச்சி என்பாரும் உளர். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத்தின் குழு ஹாம் ரேடியோவில்தான் செய்தி அனுப்பியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றது, செல்போன்கள் செத்தன.

ஆகவே செட் எந்தக் கம்பெனியானாலும் சரி. கையிருப்பில் பாதியைக் கம்பத்துக்கும் கேபிளுக்கும் ஒதுக்குக. அதற்கும் முன் மத்திய அரசின் ஹாம் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை அந்தப் பேசும் பொத்தானைத் தொடாதீர்கள்.