மீட்புத் தொகையைக் குறைப்பது எப்படி? அல்ஜியர்ஸ் கைதிகளுக்குச் சில யோசனைகள்

கடற்கொள்ளையர் கப்பல் நெருங்கி வருகிறதா? முதல் வேலையாக, மடியில் இருக்கும் சிபாரிசுக் கடிதத்தைக் கடலில் எறியுங்கள். 1575-இல் செர்வாண்டிஸ் என்ற படைவீரர் அதைச் செய்யவில்லை. லெபாந்தோ போரில் இடது கை முடமானவர், காலணாவுக்கு வழியில்லாதவர். ஆனால் கையிலிருந்த கடிதத்தைக் கொடுத்தவர் ஸ்பெயின் அரசரின் தகப்பன்வழித் தம்பி தோன் ஹுவான்! ஊரில் நல்ல பதவி கிடைக்கும் என்று பத்திரமாக வைத்திருந்தார். அல்ஜியர்ஸில் அதைப் பார்த்தவர்கள், ஆள் பெரிய இடம் என்று முடிவுகட்டி, விலையை ஏற்றிவிட்டார்கள். ஆகவே ஏழையாக இருந்தால் போதாது, ஏழையாகத் தெரியவும் வேண்டும். உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பார்கள். காய்ப்பு இல்லாதவர்கள் இப்போதே துடுப்பைப் பிடித்துப் பழகுங்கள்.

வீட்டுக்கு எழுதும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கண்ணீரைக் கொட்டுங்கள். மற்றதை அம்மா பார்த்துக்கொள்வார். செர்வாண்டிஸின் தாயார் லியோனோர், கணவர் உயிரோடு இருக்கும்போதே தன்னை விதவை என்று சொல்லி அரசு உதவிக்கு மனுப் போட்டார். தாலி பாக்கியத்தைவிடப் பிள்ளை பெரிது.

அடுத்து, துறவிகள். திரித்துவ சபையின் 1198-ஆம் ஆண்டு விதிப்படி, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு கைதிகளை மீட்பதற்கு. அதே விதி குதிரைச் சவாரியைத் தடுத்து, கழுதையை மட்டும் அனுமதித்தது. எனவே தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். பீட்டர் நோலாஸ்கோ பார்சிலோனாவில் தொடங்கிய மெர்சிடாரியர் சபையில் இன்னும் ஒரு வசதி. தேவைப்பட்டால் கைதிக்குப் பதிலாகத் தாமே பிணையாக இருப்போம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நேரடியாக நினைவூட்டுவது மரியாதையல்ல. பக்கத்தில் நிற்பவரிடம் கொஞ்சம் உரக்கப் பேசலாம்.

துறவி வந்து இறங்கிவிட்டார் என்பதால் மூட்டை கட்டிவிடாதீர்கள். கொண்டுவந்த பணத்துக்குச் சுங்கம், வெளியேறும் ஒவ்வொரு தலைக்கும் கட்டணம், போதாததற்கு ஆளுநரின் சொந்தக் கைதிகளையும் அவர் சொன்ன விலைக்கு வாங்கியாக வேண்டும். உங்கள் முறை வருவதற்குள் பை இளைத்துவிடும்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது பக்கத்துக் கைதியின் அந்தஸ்து. 1580-இல் ஹுவான் கில் என்ற திரித்துவத் துறவி மீட்க நினைத்தது பலாஃபோக்ஸ் என்ற கனவானை. கேட்ட விலை 1,000 எஸ்குடோ, அவ்வளவுக்கு வழியில்லை. செர்வாண்டிஸுக்கு 500 தான். அதற்கும் கில், வணிகர்களிடம் கடன் வாங்கித்தான் கணக்கை முடித்தார். ஆளுநர் ஹசன் பாஷா கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கப்பலேறும் நேரம். செர்வாண்டிஸும் அதில் போகவேண்டியவர். எனவே தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், உங்களைவிடப் பெரிய மனிதர் பக்கத்தில் படுங்கள்.

கரை இறங்கியதும் நேரே வீட்டுக்கு ஓடாதீர்கள், ஊர்வலம் இருக்கிறது. மீண்டவர்களைத் தெருத்தெருவாக நடத்திக்காட்டினால்தான் அடுத்த பயணத்துக்கு உண்டியல் நிறையும். சங்கிலி கொடுத்தால் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நொண்டினாலும் தப்பில்லை.